கோடி

மயிரிழை ஒன்றை நெடுக்குவாட்டில் நாலாகக் கிழித்தால்
ஒரு கீற்றின் கனம் வருமே, அவ்வளவுதான் தகடு.
டைட்டானியம், நிக்கல், உப்புப் போடுகிற மாதிரி கொஞ்சம் செம்பு.
சிலிக்கன் வட்டின்மேல் அணுவணுவாய்த் தூவி
உரித்தெடுத்து, இரண்டு பிடிகளுக்கு நடுவே மாட்டியது
வியாழன் காலை ஒன்பதுக்கு.
மாட்டியவள் டாக்டர் சுரையா. நான் இரவு ஏழுக்குத்தான் வந்தேன்.

இழு, விடு. இழு, விடு.
நொடிக்கு இருபது.
இழுத்தால் சூடேறும், விட்டால் குளிரும்;
திரையில் செம்மையும் நீலமும் துடிக்கும்.
எதற்கு இது என்று கேட்டேன்.
ஒருநாள் வாயு இல்லாமல் குளிர்ப்பெட்டி ஓடும், அதற்கு என்றாள்.
எங்கள் கூலிம் பஸ்ஸில் ஏர்கோன் கெட்டு
இரண்டு மாதம். அதை நான் சொல்லவில்லை.

போன மாதத் தகட்டில் செம்பு இல்லை.
முதல் நூறிலேயே தொய்ந்தது.
போன இடத்திலிருந்து முழுசாகத் திரும்பாமல்
ஒவ்வொரு தடவையும் ஒரு நூல் பாக்கி வைத்தது,
மளிகைக்கடை நோட்டில் தெரியாமல் ஏறும் பாக்கி போல.
மூவாயிரத்துச் சொச்சத்தில் கீறல்.
படிவத்தில் இதற்கென்று ஆங்கிலத்தில் ஒரு கட்டம் உண்டு.
சேர்ந்த வாரம் பொன்னரசி கேட்டாள்:
"இரும்புக்குமா அக்கா அசதி?"
அன்றிலிருந்து எங்கள் இருவருக்கும் அது அசதிக் கட்டம்.

புதுத் தகட்டுக்குள் பரல்கள் இருக்கின்றனவாம்,
செம்பும் டைட்டானியமும் கூடிய பொடிமணிகள்.
நீண்ட உருவத்துக்கும் ஒத்துப்போகும் அளவு,
மீண்ட உருவத்துக்கும் ஒத்துப்போகும் அளவு.
நடுவே உட்கார்ந்துகொண்டு
இப்படிப் போ, இப்படி வா என்று தடம் காட்டுமாம்.
"தாய்வீட்டுக்கும் மாமியார் வீட்டுக்கும் நடுவில்
எனக்கு யாரும் இப்படி ஒன்றைத் தூவிவிடவில்லையே"
என்று பொன்னரசி கேண்டீனில் மைலோ சிந்தச் சிரித்தாள்.

ஞாயிறு. திங்கள்.
வலது மணிக்கட்டில் கோடாலித் தைலம்;
வாசம் அறைக்குள் போகக்கூடாதென்று
கையுறைமேல் கையுறை.
தகட்டையும் என்னையும் ஒப்பிட்டு எழுத
யாராவது வருவார்கள். வரட்டும்.
அதற்கு வலிக்காது. சம்பளமும் கிடையாது.
எனக்கு மணிக்கு எட்டு வெள்ளி எழுபது காசு.

பத்து மில்லியன் என்றாள் சுரையா.
என் சின்ன நோட்டில் கோடி என்றே குறித்துக்கொண்டேன்.

புதன், விடிகாலை மூன்று ஐம்பத்து மூன்று.
எண்காட்டியில் ஏழு இடங்களே உண்டு என்பதை
ஒருவரும் யோசித்திருக்கவில்லை.
ஏழு ஒன்பதுகள் வரிசையாய் எழுந்தன;
இமைப்பதற்குள் ஏழும் சைபர்.
பிறகு இருபது. நாற்பது.
கோடி தடவை போய்வந்த தகடு
இன்றுதான் பிறந்ததுபோல் எண்ணத் தொடங்கிவிட்டது.
பார்த்தவள் நான் ஒருத்தி. போன் செய்ய நேரமா அது?

நிறுத்தி, நுண்ணோக்கிக்கு அடியில் வைத்தேன்.
கீறல் இல்லை. தொய்வு இல்லை.
மடிப்புக் கலையாமல் கடையிலிருந்து வந்த
கோடித்துணியின் மினுக்கு.
கட்டத்தில் எழுதினேன்: அசதி, இல்லை.
அதற்கு நேர் கீழே கையெழுத்து:
தவநேசி த/பெ மாசிலாமணி.
இரண்டு வரியையும் சேர்த்துப் படித்தால்
பொய்ச்சாட்சி மாதிரி இருந்தது.
படிவத்தைப் போட்டுவிட்டு வந்தேன்.

ஏழரைக்கு பஸ்.
செம்பனை ஆலையின் புளித்த ஆவி,
பாடாங் செராய் முச்சந்தி, கோயில், கோழிக்கடை
எல்லாம் வந்திருக்கும், போயிருக்கும்.
ஜன்னலில் என் தலை
முட்டித் திரும்பி, முட்டித் திரும்பி
எத்தனை தடவையோ, எண்ண ஆளில்லை.

"ஹாபிஸ், காக்" என்கிறார் பாக் லாதிஃப்.
விழித்தால்,
தார் முடிந்து செம்பனை தொடங்கும் இடம்.
தெருக்கோடி.
வந்த வழியே ஒரு மைல் திரும்பி நடக்கவேண்டும்.